கப்பல் ஏறும்போது ரங்கூன்காரர், இறங்கும்போது அகதி

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையின் ஓரமாக, சின்னஞ்சிறு கடைகள் வரிசையாக நிற்கின்றன. பட்டணம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அங்கே ஒரு நடை போகாமல் ரயில் ஏறாத காலம் ஒன்று இருந்தது. டேப் ரிக்கார்டர், கைக்கடிகாரம், குடை, சென்ட்டு, பேனா, எது வேண்டும்? பர்மா பஜாரில் கேளுங்கள் என்பார்கள்.

பெயரைப் பார்த்துவிட்டு அது பர்மியர்கள் நடத்தும் கடைத்தெரு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே முதலில் கடை விரித்தவர்கள் நம் ஜில்லாக்காரர்கள்தான். ராமநாதபுரத்தார், தஞ்சாவூரார், புதுக்கோட்டைச் சீமையார். பேசுவது தமிழ். கும்பிடுவது மாரியம்மனை, முனீசுவரனை. அல்லது தொழுவது பள்ளிவாசலில். சர்க்கார் காகிதத்தில் இவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. தெருவில் பெயர் வேறு. 'பர்மாக்காரன்' என்றார்கள், கோபம் வந்தால் 'அகதி' என்றார்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பியவன் எப்படி ஐயா அகதி ஆவான்? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

எண்ணூரில் இன்றைக்கும் பர்மா நகர் இருக்கிறது. அங்கே குடியிருக்கும் பேரன் பேத்திகளில் பலர் பர்மாவைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தியது என்பது சற்றே நீண்ட கதை.

மணியார்டர் மரியாதை

1852ஆம் வருஷ யுத்தத்தில் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரர் கைக்குப் போயிற்று. ஐராவதி நதியின் முகத்துவாரத்தில் காடும் சதுப்புமாகக் கிடந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாக நெல் வயலாகியது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவிலும் கிராக்கி. நாற்று நட ஆள் வேண்டும், அறுக்க ஆள் வேண்டும், அரிசி ஆலையில் மூட்டை தூக்க ஆள் வேண்டும். ஆள் எங்கே? வங்காள விரிகுடாவின் இந்தக் கரையில்!

மேஸ்திரிகள் கிராமம் கிராமமாகப் போனார்கள். கப்பல் கட்டணமும் கைச்செலவும் முன்பணமாகக் கொடுத்து, பிறகு அதைக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலின் மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்தால் மூன்று நான்கு நாளில் ரங்கூன். ஊரில் பண்ணையாளாகக் கிடந்தவனுக்கு அது பிழைப்பு மட்டும் அல்ல, விடுதலையும்கூட. ஆகவேதான் மிராசுதார்களுக்கு இந்தக் கப்பல் பிரயாணம் பிடிக்கவில்லை. "கடல் தாண்டிப் போனவன் கெட்டான், அவன் குடியும் கெட்டது" என்ற பேச்சுக்குச் சாஸ்திரம் ஒரு காரணம் என்றால், அறுவடைக்கு ஆள் கிடைக்காத எரிச்சல் இன்னொரு காரணம்.

1931ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். துறைமுகத்தில் தெலுங்கர், வயலிலும் ஆலையிலும் ரயில்வேயிலும் தமிழர், லேவாதேவியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். போனவர்களில் ஆண்களே மிகுதி. செட்டியார் கடைக்கு ஏஜெண்டாகப் போகிறவர் பொதுவாக மூன்று வருஷம் இருந்துவிட்டு வருவார். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். கூலிக்காரனுக்கு அந்த மூன்று வருஷக் கணக்கும் கிடையாது. கடன் தீர்ந்தால் வருவான்.

மணியார்டர் வருகிற வரையில் அந்த வீட்டுக்கு 'ரங்கூன்காரர் வீடு' என்று மரியாதை. செட்டிநாட்டு மாளிகைகளைத் தாங்கும் தேக்கு மரம் பர்மாவிலிருந்து வந்தது. கூலிக்காரன் வீட்டிலும் ஓடு போட்டார்கள், தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, தம்பி பள்ளிக்கூடம் போனான். கடல் கடந்த தேக்குக்குத் தீட்டு இல்லை. பணத்துக்கும் தீட்டு இல்லை.

மணியார்டர் இரண்டு மாதம் தவறினால் போதும், பேச்சு தொடங்கிவிடும். "அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டானாம்" என்பார் ஒருவர். "அவன் சேர்த்துக்கொண்டது இருக்கட்டும், இவள் இங்கே எப்படி இருக்கிறாளோ?" என்பார் இன்னொருவர். வாழாவெட்டி என்ற சொல் காதில் விழாமல் ஒரு பெண் குளத்துக்குப் போய்வர முடியாது. பிள்ளை அடங்காமல் போனால் "அப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளை" என்றார்கள். அடங்கி நடந்தாலும் அதையே இரக்கத்தோடு சொன்னார்கள். கப்பலில் போனவனுக்கு ஒரு பழி என்றால், ஊரில் இருந்தவர்களுக்கு இரண்டு.

அக்கரையிலும் ஒரு பெயர்

ரங்கூனில் மட்டும் மரியாதை கொட்டிக் கிடந்ததா? இந்தியனுக்கு அங்கே 'கலா' என்று பெயர். மேற்கேயிருந்து வந்தவன் என்பதைக் குறிக்கும் பர்மியச் சொல். சொல்லுகிற தொனியில் அது வசையாகிவிடும்.

பர்மியர்களின் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1930ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகமெங்கும் விலைவாசி விழுந்த மந்த காலத்தில், கடன் கட்ட முடியாத குடியானவர்களின் நிலமெல்லாம் வட்டிக் கடைக்கு வந்து சேர்ந்தது. 1938க்குள் அது 25 பங்கு ஆயிற்று! நிலத்தைப் பறிகொடுத்த பர்மியக் குடியானவன் லண்டன் பாங்கியைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த செட்டியாரைப் பார்த்தான். செட்டியார் மேல் வந்த கோபம் அவரோடு நிற்குமா? மூட்டை தூக்கிய கூலியின் மேல் விழுந்தது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் கூலி வேலை பற்றிய தகராறு பெரிய கலகமாக முடிந்தது. 1938ல் மறுபடியும் கலகம்.

அந்த 1938ஆம் வருஷக் கலகத்தின் சூட்டில் அடிக்கடி அடிபட்ட விஷயம் கல்யாணம். இந்தியர்கள் பர்மியப் பெண்களை மணந்துகொள்கிறார்கள், பிறகு ஊரில் இருக்கும் மனைவியிடம் போய்விடுகிறார்கள், இவளுக்குச் சொத்தும் இல்லை, சட்டப்படி மனைவி என்ற பெயரும் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. அதில் உண்மையும் உண்டு. 1939ல் புத்த மதப் பெண்களின் திருமணத்துக்கும் வாரிசு உரிமைக்கும் தனிச் சட்டம் செய்தார்கள். 1941ல் இந்திய சர்க்காரும் பர்மா சர்க்காரும் குடியேற்றம் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பர்மாவுக்குப் போகிற இந்தியன் அந்நாட்டுப் பெண்ணை மணந்தாலும், அவளோடு சேர்ந்து வாழ்ந்தாலும், அவனுடைய அனுமதியை ரத்து செய்ய வழி வைக்கும் ஷரத்து அதில் இருந்தது. யுத்தம் வந்து ஒப்பந்தத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் இரண்டு சர்க்கார்கள் மேஜையில் உட்கார்ந்து, கூலிக்குப் போகிறவன் குடும்பம் நடத்துவதையே குற்றமாக எழுதிவைக்கத் துணிந்தன என்பதை மறப்பதற்கில்லை.

முதல் திரும்புகை

1941 டிசம்பர் 23ந் தேதி ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு சில மாதங்களில் நான்கைந்து லட்சம் இந்தியர்கள் புறப்பட்டார்கள். கப்பல் கிடைத்தவர்கள் சிலரே. மற்றவர்கள் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகத் தாண்டினார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பல ஆயிரம். தப்பிப் பிழைத்தவர்கள் சென்னை வந்து சேர்ந்த சமயம், 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் சென்னைவாசிகளே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்!

1952ல் வெளிவந்த 'பராசக்தி' படம் இந்தக் கதையில்தான் தொடங்குகிறது. அண்ணன்மார் ரங்கூனில், தங்கை மதுரையில். திரும்பி வந்த தம்பி சென்னையில் பணத்தைப் பறிகொடுத்துத் தெருவில் நிற்கிறான். சிவாஜி கணேசனின் வசனத்துக்குக் கை தட்டியவர்களில், வீட்டுத் திண்ணையில் வந்து நின்ற ரங்கூன் உறவினருக்கு ஒரு வேளைச் சோற்றோடு விடை கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

1964

யுத்தம் முடிந்ததும் பலர் மறுபடியும் பர்மாவுக்குப் போனார்கள். வயிறு இருக்கிறதே! 1948 ஜனவரி 4ந் தேதி பர்மா சுதந்திரம் பெற்றது. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டவர்களில் ஏராளமானோர் வருஷக் கணக்கில் பதில் இல்லாமல் காத்திருந்தார்கள். அதுவரை அவர்கள் 'வெளிநாட்டார்'. அதற்கென்று ஒரு பதிவுச் சீட்டு. பர்மா மண்ணில் பிறந்து, பர்மா மொழி பேசி, பர்மா அரிசி தின்று வளர்ந்த பிள்ளைக்கும் அந்தச் சீட்டுதான்.

1962 மார்ச் 2ந் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963ல் பாங்கிகள் சர்க்கார் வசமாயின. 1964ல் கடைகள் போயின. அந்த வருஷம் மே 17ந் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ஒரே நாளில் சேமிப்பு காகிதமாயிற்று. அடுத்த சில வருஷங்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் சுமார் 1,44,000 பேர். கையில் சொற்பப் பணம், ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு மூட்டை.

கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முகாம்களுக்குப் போனார்கள். முகாமிலிருந்து பலர் பாட்டன் ஊருக்குப் போனார்கள். போனவர்களில் எத்தனையோ குடும்பங்கள் திரும்பச் சென்னைக்கே வந்துவிட்டன. ஏன் வந்தார்கள்?

ஊரில் அவர்களுக்கு இடம் இல்லை. அண்ணன் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டில் தம்பியின் பிள்ளைகள் குடும்பம் நடத்தினார்கள். நிலம் எப்போதோ பாகம் பிரிந்துவிட்டது. "பெரியப்பா வந்திருக்கிறார்" என்ற குதூகலம் ஒரு வாரம். "பெரியப்பா எப்போது புறப்படுகிறார்?" என்ற விசாரணை அடுத்த வாரம். உறவினர் கெட்டவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்களும் ஏழைகளே. வெறுங்கையோடு வந்தவர் பங்கு கேட்டுவிடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆகவே குறை வேறு இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

பெண்கள் லுங்கியும் சட்டையும் உடுத்தியிருந்தார்கள், குறை. கன்னத்தில் தனக்காக் கட்டையை அரைத்துப் பூசினார்கள், குறை. கருவாட்டு விழுதான நாப்பியைச் சமையலில் சேர்த்தார்கள். அந்த வாடை நான்கு வீட்டுக்கு வீசியது. ரங்கூன் சந்தையில் ஆணுக்குச் சமமாக உட்கார்ந்து வியாபாரம் செய்த பெண், இங்கே ஆண்களை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள். அது எல்லாவற்றிலும் பெரிய குறை! பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்த பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தமிழ் எழுத வராது. அரிச்சுவடி வகுப்பில் சிறு பிள்ளைகளோடு உட்கார வைத்தால் அவன் பெயர் என்ன ஆகும்?

"பெண்ணைப் பெற்றவள் யார்?"

இவை எல்லாம் சில வருஷத்தில் தேய்ந்துபோகிற குறைகள். தேயாதது கல்யாணப் பேச்சில் வந்தது. ஜாதகம் பார்க்கும் முன் ஒரு கேள்வி. "பெண்ணைப் பெற்றவள் யார்? தமிழச்சியா, பர்மாக்காரியா?" தமிழச்சிதான் என்று சொன்னாலும் சாட்சிக்கு யார்? பங்காளிகளோ ஊரிலேயே முகம் திருப்பிக்கொண்டவர்கள். குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுத்து நாற்பது வருஷம் ஆயிற்று. கடல் கடந்து போன பாட்டனின் குற்றம் பேத்தியின் கல்யாணப் பந்தலில் வந்து நின்றது. இதனால் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன.

உண்மையாகவே பர்மியத் தாய்க்குப் பிறந்தவர்களின் பாடு இன்னும் கஷ்டம். கணவனோடு கப்பல் ஏறி வந்த பர்மியப் பெண்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள், பொட்டு வைத்தார்கள், புடவை கட்டப் பழகினார்கள். தங்களைப் பெற்றவர்களை அவர்கள் மறுபடியும் பார்ப்பது அரிதாயிற்று. நே வின் ஆட்சியில் வெளியார் அந்நாட்டுக்குப் போய்வருவது லேசான காரியம் அல்ல. கணவன் மட்டும் புறப்பட்டு, மனைவியும் மக்களும் அங்கேயே நின்றுபோன குடும்பங்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளை அங்கே என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று தனியே சொல்ல வேண்டுமா? அதே 'கலா'தான்.

ஊர் ஏற்காதவர்களை ஏற்றுக்கொண்டது வடசென்னை. இதை அன்பு என்று மெச்சிவிட முடியாது. அதற்கு ஆள் தேவைப்பட்டது. துறைமுகத்தில் மூட்டை, திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் லாரித் தொழிற்சாலை, 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அஸ்திவாரம். பக்கிங்காம் கால்வாய்க் கரையும் எண்ணூர்க் கடலோரப் புறம்போக்கும் குடிசை போட இடம் தந்தன. கூலிக்கு வருகிறவனின் கோத்திரத்தை மேஸ்திரி கேட்பதில்லை. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் கூட்டமாகக் குடியேறியதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. பக்கத்து வீட்டிலும் நாப்பி வாடைதான். யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. வியாபாரக் கடன், வீட்டுக் கடன் கொடுத்தார்கள். 1969ல் தாயகம் திரும்பியோருக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய ரெப்கோ வங்கி. கடற்கரைச் சாலையில் கடை போட இடமும் விட்டார்கள். அங்கே பிழைப்பு நன்றாக நடந்தது, பட்டப்பெயரும் வளர்ந்தது. பர்மா பஜார் என்றால் கள்ளக்கடத்தல் சரக்கு என்றார்கள். அப்படிப்பட்ட சரக்கு அங்கே வந்தது பொய் அல்ல. ஆனால் அதை வாங்கியவர்கள் யார்? பெரிய உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், கல்யாணச் சீர் வாங்க வந்த கனதனவான்கள். வாங்கிய வாட்சைக் கையில் கட்டிக்கொண்டே விற்றவனைத் திட்டினார்கள். 1991க்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் எல்லாக் கடையிலும் கிடைக்கத் தொடங்கியதும் அந்தப் பேச்சு ஓய்ந்தது, பஜாரின் கூட்டமும் குறைந்தது.

நாப்பிக்கு மூக்கைப் பொத்திய அதே பட்டணம் இப்போது அத்தோவுக்கு வரிசையில் நிற்கிறது. கெட்டி நூடுல்சோடு முட்டைக்கோசு, வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்ப் பொடி போட்டுக் கையால் பிசைந்து, மொறுமொறுவென்று பேஜோவை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பும் வைத்துக் கொடுக்கிறார்கள். சாப்பிடுகிறவர்கள் கடைக்காரரின் தாயார் யார் என்று விசாரிப்பதில்லை.

எல்லையில் நின்றவர்கள்

இந்தியாவுக்கு வந்தும் வேர் பிடிக்காத சிலர், பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று தரை மார்க்கமாகக் கிளம்பினார்கள். மணிப்பூர் எல்லையில் தடுத்துவிட்டார்கள். அங்கேயே மோரே என்ற ஊரில் தங்கினார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேசுவரிக்கும் முனீசுவரருக்கும் கோயில் இருக்கிறது. முன்னே ஒரு நாடு, பின்னே ஒரு நாடு, இரண்டிலும் 'வந்தவன்'.

இது பர்மாக் கப்பலோடு முடிந்த விஷயமும் அல்ல. அதே 1964ல், அக்டோபர் 30ந் தேதி, சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று. அங்கே அவர்கள் 'தோட்டக்காட்டான்'. நீலகிரிக்கு வந்ததும் 'சிலோன்காரன்'. பிற்காலத்தில், 2013ல், இலங்கை சர்க்கார் ஒரு விதி போட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையுள்ள தாய் வீட்டு வேலைக்காக வெளிநாடு போகக் கூடாது என்றது. குழந்தைகளை விட்டுப் போகும் தந்தைக்கு அப்படி ஒரு விதி இல்லை! 2022ல்தான் அதைத் தளர்த்தினார்கள்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இன்று பீகார், ஒரிசா, ஜார்க்கண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். அநேகர் பிள்ளைகளை ஊரில் பெரியவர்களிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைபேசிகளில் பரவின. ஊரில் இருந்த தாய்மார்கள் அலறினார்கள். பலர் ரயில் ஏறிப் போனார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. வதந்தி என்று தெரிந்தது. போனவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் "வடக்கத்தியர்களுக்கு விடுவதில்லை" என்ற பதிலும் சில இடங்களில் காதில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். மணியார்டர் படிவம் இப்போது தேவையில்லை, கைபேசியிலேயே போகிறது. அதை வாங்குகிற பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை அதே கைபேசியில் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது.